நாற்பது குடும்பங்களைப் படம் கீற வைத்த சொல்

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் தகுதி எனக்கில்லை. என்னைவிட நன்றாகவே படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். என்னிடம் கொடுப்பதற்கு இருப்பது பிழைகள்தான். முப்பத்தைந்து வருடம் சேர்த்தவை, ஏராளமாக இருக்கின்றன. எல்லாவற்றையும் சொன்னால் நீங்கள் வேறு வேலை தேடிப் போய்விடுவீர்கள். ஆகையால் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன்.

நீளமான சட்டச் சொற்கள் என்னை ஒருநாளும் விழுத்தியதில்லை. அப்படி ஒரு சொல் வந்தால் பயம் வரும், பயம் வந்தால் அகராதியைத் திறப்போம், திறந்தால் தப்பிவிடுவோம். என்னை விழுத்தியது ஆங்கிலத்தில் நான்கே எழுத்துள்ள ஒரு சின்னச் சொல். ‘ட்ரோ’. இரண்டாம் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பூனையைக் கீறிக் காட்டி, இப்படிச் செய்வதுதான் ட்ரோ என்றார். எங்கள் பக்கத்தில் படம் வரைவதைக் கீறுவது என்றுதான் சொல்வோம். அன்று முதல் இருபத்துமூன்று வயதுவரை அந்தச் சொல்லைக் கண்டால் எனக்குத் தெரிந்தது அந்தப் பூனை மட்டும்தான்.

ஐம்பதுகளின் பிற்பகுதி. வவுனியாவில் ஓர் அரசாங்கக் கந்தோரில் மொழிபெயர்க்கும் கிளாக்கராக இருந்தேன். விசுவமடுப் பக்கத்துக் காட்டில், திருத்திய ஒரு குளத்தின் கீழே நாற்பது துண்டுக் காணியை அளந்து கல் நாட்டியிருந்தார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் பூநகரியிலும் காணியில்லாதிருந்த நாற்பது குடும்பங்களைத் தெரிந்தெடுத்தும் ஆயிற்று. யாருக்கு எந்தத் துண்டு என்பதுதான் மிச்சம். துண்டுகள் எல்லாம் ஒரே அளவு, ஆனால் ஒரே தரமில்லை. வாய்க்கால் தலைப்பில் இருப்பவருக்குத் தண்ணீர் முதலில் போகும். கடைசியில் இருப்பவருக்கு மிச்சமிருந்தால் போகும். அதனால் இலக்கங்களைக் கடதாசியில் எழுதி மடித்துக் குலுக்கி, ஒவ்வொருவரும் ஒன்றை எடுப்பது வழக்கம். அப்படி எடுப்பதற்கும் ஆங்கிலத்தில் ட்ரோ என்றுதான் சொல்வார்கள். அது எனக்குத் தெரியாது.

தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது. அங்கேதான் ஆபத்து.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குக் காணி அதிகாரியின் அறிவித்தல் ஆங்கிலத்தில் என் மேசைக்கு வந்தது. அன்றே தபாலில் போகவேண்டும் என்று மேலே எழுதியிருந்தது. முல்லைத்தீவில் உள்ள என் வீட்டுக்குப் போக நாலரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் மறுநாள்தான். என் தமிழைச் சரிபார்க்கும் பெரிய கிளாக்கர் அன்று லீவில் நின்றார். பத்தே நிமிடத்தில் எழுதி முடித்தேன். அந்தத் தமிழ் இன்றும் எனக்கு மனப்பாடம்.

“தெரிவுசெய்யப்பட்டோர் யாவரும் குறித்த தினத்தில் காணிக் கச்சேரிக்கு நேரில் சமூகமளித்துத் தத்தமது காணித்துண்டைத் தாமே வரைதல் வேண்டும். ஒருவர் ஒரு துண்டை மட்டுமே வரையலாம். ஒருவருக்காக இன்னொருவர் வரைதல் கூடாது. கணவர் நோயுற்றிருப்பின் மனைவி வரையலாம். வரைந்த துண்டே முடிவானது.”

காணி பங்கிடும் கூட்டத்தைக் காணிக் கச்சேரி என்பார்கள். அதில் பாட்டு எதுவும் கிடையாது. அறிவித்தலை இரண்டாம் முறை வாசித்துப் பார்த்தபோது எனக்கே என் தமிழில் ஒரு பெருமை பிறந்தது. எத்தனை கட்டுக்கோப்பு! இதை வாசித்தால் ஒருவருக்கும் சந்தேகம் வராது என்று நினைத்துக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினேன். நான் நினைத்தது சரிதான். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அதன் பிறகு மூன்று வாரம் என்ன நடந்தது என்பதைக் காதர் நானா பின்னர் எனக்குச் சொன்னார். கிளிநொச்சிச் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். சொந்த ஊர் முல்லைத்தீவு. அறிவித்தலை அவருடைய கடைச் சுவரில்தான் ஒட்டியிருந்தார்கள். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அவர்தான் உரத்து வாசித்துக் காட்டினார்.

“ஏன் நானா கீறச் சொல்லுகினம்? அளந்து கல்லும் நட்டிட்டினம், பிறகென்னத்துக்குக் கீறுறது?” என்று ஒருவர் கேட்டாராம்.

“கவுண்மேந்து கேட்டால் காரணம் இருக்கும். காணியைப் பாத்தனீரோ, பாக்காமல் வந்து நிக்கிறீரோ எண்டு அறியத்தான். நல்லாக் கீறுறவனுக்குக் கீறின துண்டு. வரைந்த துண்டே முடிவானது எண்டு போட்டிருக்கெல்லே? பென்சில் இருக்கு, ரப்பர் இருக்கு. ரூல் தடி நாளைக்கு யாழ்ப்பாணத்தில இருந்து வருகுது” என்றாராம் நானா.

அந்த மூன்று வாரத்தில் கிளிநொச்சியில் பென்சில் முடிந்து, பரந்தனில் முடிந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பெட்டிகளிலும் முடிந்துவிட்டது.

காணிக் கச்சேரி நாள் காலையில் அதிகாரியின் ஜீப்பில் போனோம். அதிகாரி ஒல்லாந்தர் வழிவந்த பறங்கி இனத்தவர், நல்ல உயரம், நேர்மையான மனிதர். தமிழில் அவருக்கு வணக்கம், தண்ணி, சரி, போ என்று நாலு சொல் தெரியும். பின் ஆசனத்தில் நானும் பெரிய கிளாக்கரும் இருந்தோம். பெரிய கிளாக்கர் பண்டிதர் சோதனை பாஸ் பண்ணியவர். பழைய இலக்கியமென்றால் சாப்பாட்டையும் மறப்பார். அதிகாரியின் மடியில் தகரத்தால் ஆன ஒரு பிஸ்கட் பேணி இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பிஸ்கட் என்று நினைத்திருந்தேன்.

வீதியில் ஆட்கள் நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடதாசிச் சுருள்.

“இவ்வளவு பேரும் கலண்டர் வாங்கிக்கொண்டு போகினமோ?” என்றார் பெரிய கிளாக்கர்.

காட்டோரத்தில் தென்னங்கிடுகால் வேய்ந்த கொட்டகை ஒன்று போட்டிருந்தார்கள். கொட்டகை ஓரத்தில் காதர் நானா தேத்தண்ணியும், மிஞ்சிய பென்சிலும் விற்றுக்கொண்டு நின்றார். பெயர் கூப்பிட்டபோது முப்பத்தொன்பது குடும்பம் வந்திருந்தது. பூநகரியில் இருந்து வரவேண்டிய ஒருவரை மட்டும் காணவில்லை. முதலாவது ஆள் முன்னுக்கு வந்து, சுருளை விரித்து அதிகாரியின் மேசையில் பயபக்தியோடு வைத்தார். மேலே பிள்ளையார் சுழி. நடுவில் மாடி வீடு. இரண்டு பக்கமும் தென்னை. வானத்தில் கண்ணும் மூக்கும் வைத்த சூரியன். கீழே, “துண்டு இலக்கம் 4”.

“என்ன இது?” என்று அதிகாரி ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார்.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பூனை கரும்பலகையில் இருந்து இறங்கி நேரே என் வயிற்றுக்குள் பாய்ந்தது. ஆனால் வாய் தன்பாட்டில் வேலை செய்தது. “அன்பளிப்பு, சேர்” என்றேன்.

அதிகாரி மகிழ்ந்துபோனார். எழுந்து நின்று அந்த மனிதருக்குக் கை கொடுத்து, “சரி, சரி” என்றார். அவர் தன் துண்டு கிடைத்துவிட்டதென்று கும்பிட்டுக்கொண்டு போனார். இரண்டாமவர் வந்து சுருளை விரித்தார். துண்டு இலக்கம் 4. மூன்றாமவரும் 4. வாய்க்கால் தலைப்பில் இருந்த துண்டு அது. ஐந்தாமவர் வந்தபோது அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். “இங்கே எல்லோருமே படம் வரைவார்களா?”

“கலையில் மிகுந்த ஈடுபாடுள்ள மக்கள், சேர்.”

தம்பிமாரே, தங்கைமாரே, முதல் பொய் பயத்தில் வந்தது. அதை மன்னிக்கலாம். இரண்டாவது பொய்யை நான் யோசித்துச் சொன்னேன். அதுதான் என்னைக் குழிக்குள் இறக்கியது. வேலையில் பிழை விடாத மனிதர் இல்லை. பிழை தெரிந்த பிறகு நீங்கள் சொல்லும் முதல் வசனம் எது என்பதில்தான் காரியம் இருக்கிறது.

பெரிய கிளாக்கர் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். கையில் அறிவித்தலின் பிரதி.

“என்ன ஐசே எழுதியிருக்கிறீர்? சீட்டு எடுக்கிறதை வரையச் சொல்லியிருக்கிறீரே!” என்றார். பிறகு மீண்டும் வாசித்தார். முகம் மாறியது. எனக்கு உயிர் போகும் நேரத்தில் அவருக்குப் பண்டிதம் வந்துவிட்டது. “வரைதல் எண்டால் பழைய தமிழில கலியாணம் முடிக்கிறதெல்லே? அப்பிடிப் பாத்தால் இது பிழையே இல்லை ஐசே. ஒருவர் ஒன்றை மட்டுமே வரையலாம். ஒருவருக்காக இன்னொருவர் வரைதல் கூடாது. எவ்வளவு ஒழுக்கமான அறிவித்தல்!”

“ஐயா, இப்ப நான் என்ன செய்யிறது?”

“அச்சுக்காரன்ர தலையில போடும். இல்லாட்டி துரை முறையை மாத்திப்போட்டார் எண்டு சொல்லும். துரைக்குத் தமிழ் தெரியாது, சனத்துக்கு இங்கிலீசு தெரியாது. நடுவில நிக்கிறது நீர் ஒராள்தானே?”

இந்தத் தொழிலில் உள்ள மிகப் பெரிய சோதனையை அவர் அந்த ஒரு வசனத்தில் சொல்லிவிட்டார். நான் அதைப் புத்திமதி என்று எடுத்துக்கொண்டேன். முன்னுக்கு வந்து சனத்தைப் பார்த்து, “துரை இப்ப முறையை மாத்திப்போட்டார். படம் வேண்டாமாம். எல்லாரும் சீட்டு எடுக்கவேணும்” என்றேன்.

சலசலப்பு எழுந்தது. ஒருவர் எழுந்து, “நான் சீட்டுக் கட்டேல்லையே தம்பி, எப்பிடி எடுக்கிறது?” என்றார். மாதா மாதம் காசு கட்டிப் பிடிக்கும் சீட்டை நினைத்துவிட்டார். இன்னொருவர், “ஆர் சீட்டுப் பிடிக்கிறது? காதர் நானாவோ?” என்றார். நான் ஒரு ஆங்கிலச் சொல்லால் விழுந்து, எழும்பப் பிடித்த தமிழ்ச் சொல்லாலும் விழுந்துகொண்டிருந்தேன். குலுக்கல் என்று சொல்லி, கையால் குலுக்கியும் காட்டிய பிறகுதான் விளங்கியது.

விளங்கியதும் ஒரு பெண் எழுந்து முன்னுக்கு வந்தார். பெயர் நாகம்மா. நாற்பது வயதிருக்கும். புருஷன் மலேரியாக் காய்ச்சலோடு யாழ்ப்பாணத்தில் ஆசுப்பத்திரியில். அவருக்குப் பதிலாக இவர் வந்திருந்தார். கையில் கடதாசி இல்லை. கோதுமை மா வந்த வெள்ளைத் துணிச் சாக்கு ஒன்று மடித்தபடி இருந்தது.

“தம்பி, இஞ்ச கேளுங்கோ. பிள்ளையளை அயலட்டையில விட்டிட்டு உடையார்கட்டில தெரிஞ்ச ஆக்களின்ர வீட்டில வந்து நிண்டு, மூண்டு நாள் இந்தக் காட்டுக்குள்ள நடந்தனான். கல்லுக் கல்லாத் தொட்டுப் பாத்தனான். காலில முள்ளுக் குத்தின இடம் இன்னும் ஆறேல்லை. குலுக்கிறதெண்டால் நான் ஏன் நடக்கவேணும்? வீட்டில இருந்திட்டு இண்டைக்கு வந்து கையை விட்டிருப்பன். கேளுங்கோ அந்தத் துரையை, ஏழையளோட விளையாடுறாரோ எண்டு. அப்பிடியே இங்கிலீசில சொல்லுங்கோ. ஒரு சொல்லும் விடக்கூடாது.”

அதிகாரி என்னைப் பார்த்தார். “அந்த அம்மா என்ன சொல்கிறார்?”

அவருடைய மடியில் அதுவரை சேர்ந்த படங்கள் இருந்தன. காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் அன்பளிப்பு என்று நம்பிக்கொண்டிருந்தார். நல்ல காணி கேட்கிறா சேர் என்று சொல்லியிருக்கலாம். வெயில் கூட என்கிறா என்று சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருப்பார். பெரிய கிளாக்கர் தூரத்தில் நின்று தலையை ஆட்டி எனக்குச் சைகை காட்டினார். ஆனால் நாகம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. இருந்தும் நான் எத்தனை சொல் சொல்கிறேன் என்று எண்ணப்போகிறார் என்று எனக்குத் தோன்றியது. அவர் சொன்னது நீளம். சுருக்கமாகச் சொன்னால் பிடிபட்டுவிடுவேன்.

அப்படியே சொன்னேன். முள்ளுக் குத்தியதையும் சொன்னேன். விளையாடுகிறீரா என்பதையும் சொன்னேன். அதிகாரியின் முகம் சிவந்தது. அது இன்னும் சிவக்குமுன், “பிழை என்னுடையது, சேர். நீங்கள் ட்ரோ என்று எழுதியதைப் பென்சிலால் வரைவது என்று மொழிபெயர்த்துவிட்டேன். இவை அன்பளிப்பு இல்லை. இவர்கள் நீங்கள் கேட்டதைக் கொண்டுவந்திருக்கிறார்கள்” என்றேன்.

அவர் மடியில் இருந்த படங்களைப் பார்த்தார். பேணியைப் பார்த்தார். மாடி வீட்டையும் கண்ணும் மூக்கும் வைத்த சூரியனையும் மறுபடி பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இப்போது இதை அவர்களுக்கும் சொல்” என்றார்.

அதிகாரியிடம் பிழையை ஒத்துக்கொள்வது ஒரு கஷ்டம். அவர் ஒருவர். எதிரே முப்பத்தொன்பது குடும்பம்.

“துரை ஒண்டும் மாத்தேல்லை. அவர் முதலே குலுக்கல் எண்டுதான் எழுதினவர். நான்தான் பிழையாக எழுதிப்போட்டன். பிறகு பயத்தில உங்களுக்குப் பொய்யும் சொல்லிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றேன்.

  பின்னால் இருந்து காதர் நானாவின் குரல் எழுந்தது. “வித்த பென்சில் திருப்பி எடுக்கமாட்டன்! இப்பவே சொல்லிப்போட்டன்!”

கொட்டகை முழுவதும் சிரித்தது. நாகம்மா மட்டும் சிரிக்கவில்லை. அதுவரை அவருக்கு நான் ‘நீங்கள்’. அந்த நொடியில் ‘நீர்’ ஆனேன்.

“அப்ப என்ர சாக்கை ஆர் பாக்கிறது? நீர் கீறச் சொன்னீர், நான் கீறினனான். பாக்கச் சொல்லும்.”

அதிகாரியிடம் சொன்னேன். அவர் மேசையைத் துடைக்கச் சொல்லி, சாக்கை விரித்தார். நான் அதுவரை பார்த்த படங்களில் தென்னை இருந்தது, பசு இருந்தது, சந்திரன் இருந்தது. இதில் ஒரு அழகும் இல்லை. கரியால் கோடு. எல்லைக் கல்லுக்குப் புள்ளி. உடுப்புக்குப் போடும் நீலத்தால் தண்ணீர். அதிகாரி தன் அளவை வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். சிரிப்பு போய்விட்டது. இருபத்தாறாம் துண்டிலும் இருபத்தேழாம் துண்டிலும் அவருடைய வரைபடம் வெறுமையாக இருந்தது. சாக்கில் அந்த இடத்தில் பெரிய நீலத் திட்டு.

“இது என்ன என்று கேள்.”

“மோட்டை” என்றார் நாகம்மா. மாரியில் தண்ணீர் தேங்கும் காட்டுப் பள்ளத்தை அப்படிச் சொல்வார்கள். “கோடையில அளந்தவை. அப்ப காஞ்சு தரைபோலதான் கிடந்திருக்கும். இப்பவும் காஞ்சுதான் கிடக்கு. ஆனா சுத்தி நிக்கிற மரத்தில சேத்து அடையாளம் என்ர நெஞ்சளவுக்கு இருக்கு. என்னை நம்பாட்டில் மரத்தைப் போய்க் கேளுங்கோ.”

அதிகாரி மற்றவர்கள் கையில் இருந்த சுருள்களையும் வாங்கி, எல்லாப் படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். காணி முழுவதையும் கீறியிருந்த ஏழெட்டுப் படத்தில் அதே இடத்தில் ஏதோ ஒன்று இருந்தது. ஒருவர் தாமரை கீறியிருந்தார். ஒருவர் யானை கீறியிருந்தார். அழகுக்காகக் கீறியது என்றுதான் முதலில் நினைத்தோம். தண்ணீர் குடிக்க வரும் யானை அது.

எல்லோரும் நடந்தோம். நாகம்மா முன்னுக்கு, அதிகாரி பின்னால், நான் இருவருக்கும் நடுவில். மரங்களில் சேற்றுக் கோடு ஒரே மட்டத்தில் வரிசையாக இருந்தது. பெரிய கிளாக்கர் ஒரு மரத்தோடு ஒட்டி நின்று பார்த்தார். கட்டையான மனிதர். கோடு அவருடைய கழுத்தில் வந்தது. அதிகாரி அந்த இரண்டு துண்டையும் தன் வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் வெட்டி, ஒதுக்கி வைத்திருந்த மேட்டுநிலத்தில் இருந்து இரண்டு துண்டைச் சேர்த்தார். பென்சில் காதர் நானாவிடம் வாங்கியது.

மத்தியானத்துக்குப் பிறகுதான் பிஸ்கட் பேணி திறந்தது. முப்பத்தொன்பது பேரும் கையை விட்டு எடுத்தார்கள். கடைசியில் ஒரு மடித்த கடதாசி பேணிக்குள் தனியே கிடந்தது.

மூன்று நாள் கழித்துப் பூநகரியில் இருந்து ஒரு கடிதம் வந்தது. “எனக்குக் கீறத் தெரியாதபடியால் காணி வேண்டாம்” என்று எழுதியிருந்தது. அதிகாரி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். இந்த முறை சிரிக்கவில்லை. “நீயே போ” என்றார். இரண்டு பஸ் மாறி, பஸ் நின்ற இடத்தில் இருந்து உச்சி வெயிலில் நடந்து போனேன். அந்த மனிதர் கடலோரத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“ஒரு மாடு கீறிப் பாத்தனான் தம்பி. நாய் மாதிரி வந்திட்டுது. இதைக் கொண்டுபோனால் சிரிப்பினம் எண்டு விட்டிட்டன்” என்றார்.

பேணியில் மிஞ்சிய கடதாசியை அவர் கையில் கொடுத்தேன். பதினெட்டாம் துண்டு. மோசமில்லை. ஆனால் அந்தக் கடிதம் தபாலில் தவறியிருந்தால் என்னாகும் என்று திரும்பிவரும் பஸ்ஸில் யோசித்தேன். என் பிழையால்தான் மோட்டை பிடிபட்டது என்று பெரிய கிளாக்கர் பல காலம் சொல்லித் திரிந்தார். எனக்கும் அப்படிச் சொல்ல ஆசைதான். ஆனால் மோட்டையைப் பிடித்தது நாகம்மாவின் கால். என் பிழை செய்தது பூநகரி மனிதரை வீட்டில் இருத்தியது. இரண்டையும் குழப்பக்கூடாது.

எனக்குத் தண்டனை ஒன்று கிடைத்தது. அதிகாரியின் வீட்டில் தலையணை அளவில் ஓர் ஆங்கில அகராதி இருந்தது. அதில் ட்ரோ என்ற சொல்லுக்குள்ள பொருள் முழுவதையும் கையால் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே தமிழ் போட்டுக் கொண்டுவர வேண்டும். மூன்று வாரம், சனி ஞாயிறு. முதல் நாள் வேலைக்காரர் என்னை ‘ட்ரோயிங் ரூமில்’ இருக்கச் சொன்னார். துரைமார் வீட்டில் படம் கீற ஒரு அறை வைத்திருப்பார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் கதிரையும் மேசையும்தான். சாப்பாடு முடிந்து ஒதுங்கி இருப்பதற்கான ‘வித்ட்ரோயிங் ரூம்’ என்ற நீளப் பெயரின் தலை தேய்ந்து, வால் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று பிற்பாடு அந்த அகராதியே சொன்னது.

எழுத எழுத அந்தச் சொல் முடியவில்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளினாலும் ட்ரோ, சம்பளம் எடுத்தாலும் ட்ரோ. பல் பிடுங்கினால், வாளை உருவினால், வில்லை வளைத்தால், திரையை மூடினால், அதே திரையைத் திறந்தாலும் ட்ரோ. கோழியின் குடலை எடுத்தால் ட்ரோ. தேயிலையில் சாயம் இறங்கினால் அதுவும் ட்ரோ. உதைபந்தாட்டத்தில் ஒருவரும் வெல்லாவிட்டாலும் ட்ரோ. இரண்டாவது வாரம் எனக்குத் தலை சுற்றியது. இத்தனையையும் ஒரு சொல் எப்படித் தாங்கும் என்று அதன் பிறப்பு எழுதியிருந்த இடத்தைத் தேடினேன். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இருந்த பொருள் ஒன்றுதான். இழுப்பது.

அப்புறம் எல்லாம் விளங்கியது. வாளியை இழுக்கிறோம். பல்லை இழுக்கிறோம். மேசை லாச்சியை, அதாவது இழுப்பறையை, இழுப்பதால் அதற்கும் அந்தச் சொல்லில் இருந்தே ‘ட்ரோவர்’ என்று பெயர். பென்சிலைக் கடதாசியில் இழுத்தால் படம். நாங்களும் கோடு இழு என்றுதானே சொல்கிறோம்? மூச்சை இழுக்கிறோம். ஆட்டம் சமமாக முடிந்தால் இழுபறி என்கிறோம். என் பூனை எத்தனையோ பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. அதையே நான் தாய் என்று நினைத்திருந்தேன்.

அதனால் உங்களுக்குச் சொல்வது இது. சின்னச் சொல்லைத் தனியே பார்க்காதீர்கள். அதற்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று பாருங்கள். எதை இழுக்கிறார்கள்? பல்லையா, திரையையா, பேணிக்குள் கிடக்கும் கடதாசியையா? நான் அன்று அறிவித்தலைக் கடைசிவரை யோசித்து வாசித்திருந்தால், காணி கேட்டு வருகிறவர் ஏன் படம் கீறவேண்டும் என்று ஒரு தடவையாவது கேட்டிருப்பேன். கிளிநொச்சிச் சந்தியில் நின்ற மனிதருக்கு வந்த கேள்வி எனக்கு வரவில்லை.

அகராதியில் இல்லாத இன்னொன்றை அன்று பின்னேரமே, காணிக் கச்சேரி கலைகிற நேரத்தில் படித்தேன். அதைச் சொல்லி முடிக்கிறேன்.

ஜீப்பில் ஏறப்போனபோது நாகம்மா என்னை மறித்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கையில் ஒரு தபால் அட்டை.

“ஆசுப்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதவேணும். எனக்கு எழுத்துக் கூட்ட வராது. எழுத்து வேலைக்கெண்டு வந்தது நீர்தானே, வேற வழியில்லை. நான் சொல்லுறன், எழுதும்.”

ஜீப்பின் முன்பக்கத்தில் அட்டையை வைத்து எழுதினேன். காணி கிடைத்துவிட்டது, பிள்ளைகள் சுகம், காய்ச்சல் குளிசையை நேரத்துக்குப் போடவும் என்று சொல்லிக்கொண்டு போனார். அவர் எடுத்தது முப்பத்தோராம் துண்டு. வாய்க்காலின் கடைசிப் பக்கம். மூன்று நாளும் அந்தப் பக்கம் போக நேரம் கிடைக்கவில்லையாம். சாக்கில் அந்த இடம் வெறுமையாகத்தான் இருந்தது. கடைசி வசனத்தைச் சொல்லும்போது மட்டும் சற்று நிறுத்தி, காட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

எழுதி முடித்தேன். “வாசிக்கட்டோ அக்கா?” என்றேன்.

“நீர் வேண்டாம். எழுதினவரே வாசிச்சால் மனசில உள்ளதைத்தான் வாசிப்பீர். நானா, இஞ்ச வாங்கோ. இதை ஒருக்கா வாசியுங்கோ. தம்பி வாய் திறக்கக்கூடாது.”

காதர் நானா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அறிவித்தலை வாசித்த அதே உரத்த குரலில் வாசித்தார். நாகம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு வசனத்துக்கும் “ஓம்” என்றார். கடைசி வசனம் வந்தது.

“முப்பத்தோராம் துண்டை நான் இன்னும் பார்க்கவில்லை. தங்களுக்குச் சுகமானதும் இருவருமாக அதனைப் பார்வையிடுவோம்.”

நாகம்மா கண்ணைத் திறந்தார். “நான் அப்பிடிச் சொல்லேல்லை.”

“கருத்து அதுதானே அக்கா” என்றேன்.

“பார்வையிடுறது துரை. ஜீப்பில வந்து பாத்திட்டுப் போவார். நாங்கள் ரெண்டுபேரும் நடப்பம் எண்டெல்லோ சொன்னனான்? அந்த மனிசனுக்குக் காலில பெலன் வருமோ எண்டு பயம். நடப்பம் எண்டு எழுதினால்தான் எழும்புவார்.”

 பார்வையிடுவோம் என்பதை வெட்டி, அதன் மேலே நெருக்கி, ‘நடப்பம்’ என்று எழுதினேன். நானா அந்த வசனத்தை மறுபடி வாசித்தார்.

“ஓம். இப்பதான் இது என்ர கடிதம்” என்று சொல்லி, நாகம்மா மை காயும்வரை அட்டையை வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றார்.